குற்றத்துக்குப் பெயரிடும் உரிமை யாருக்கு?

கொலம்பியாவின் ‘அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம்’ 2025 செப்டம்பர் 16 அன்று, ஃபார்க் கெரில்லா அமைப்பின் முன்னாள் தலைமைக் குழுவைச் சேர்ந்த ஏழு பேருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த உள்நாட்டுப் போரில் 21,396 பேர் கடத்தப்பட்டதற்கு அவர்கள் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் என்பதால், 2016 அமைதி உடன்படிக்கை வகுத்த வழியில், சிறைக்குப் பதிலாக எட்டாண்டுகள் ஈடுசெய்யும் பணிகளில் ஈடுபடுமாறு அவர்களுக்கு ஆணையிடப்பட்டது. இந்தத் தண்டனை போதுமா என்கிற விவாதம் அங்கு இன்னும் ஓயவில்லை. ஆனால், தண்டனைக்கு முன்பே நடந்து முடிந்த இன்னொரு விவாதம் அதைவிட ஆழமானது. அது, அந்த வழக்குக்கு என்ன பெயர் வைப்பது என்பது.

2018 ஜூலையில் இவ்வழக்கைத் தொடங்கியபோது, ‘ஃபார்க் அமைப்பினரால் ஆட்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டமை’ என்று நீதிமன்றம் தலைப்பிட்டது. தலைப்பில் இருந்த ஸ்பானியச் சொல் ‘ரெத்தென்சியோன்’. தடுத்துவைத்தல், நிறுத்திவைத்தல் என்று பொருள்படும் சாதுவான சொல் இது. சம்பளத்தில் வரிப் பிடித்தம் செய்வதையும் ஸ்பானிய மொழியில் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். கடத்தலைக் குறிக்க ஃபார்க் அமைப்பே பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவந்த சொல்லும் இதுதான். பிடித்துச் செல்லப்பட்ட இராணுவத்தினரை அது ‘போர்க்கைதிகள்’ என்றது. பிணைத்தொகை பறிப்பதை ‘வரி’ என்றது. மரத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் காட்டில் கிடந்தவர்கள், நீதிமன்றக் கோப்பின் முகப்பிலேயே தங்களைப் பிடித்தவர்களின் சொல்லைக் கண்டார்கள். எங்களுக்கு நேர்ந்தது ‘ரெத்தென்சியோன்’ அல்ல, ‘செக்வெஸ்த்ரோ’ - கடத்தல் - என்று அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் வழக்கின் பெயர் மாறியது. ‘பணயக்கைதிகளாகப் பிடித்தல், கடுமையான சுதந்திரப் பறிப்பு, அவற்றோடு சேர்ந்த பிற குற்றங்கள்’ என்பது இன்றைய தலைப்பு. 2020 செப்டம்பரில், முன்னாள் தளபதிகளும் ‘செக்வெஸ்த்ரோ’ என்ற சொல்லையே எழுதிக் கையொப்பமிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழியான ஸ்பானிய மொழியில், குற்றங்களுக்கான சொற்கள் கடந்த சில பத்தாண்டுகளாகத் தெருவிலும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் போராட்டப் பொருளாகியிருக்கின்றன. அந்த மொழிச் செய்திகளைத் தொடர்ந்து கவனித்துவருபவன் என்கிற முறையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. குற்றத்தின் பெயர் வெறும் முகவரிச் சீட்டு அல்ல. விசாரணை எந்தத் திசையில் போக வேண்டும், தண்டனை எவ்வளவு, பாதிக்கப்பட்டவர் சொல்வதை ஊர் நம்புமா என்பனவெல்லாம் அந்தப் பெயரையே சார்ந்திருக்கின்றன.

ஒரு சொல், ஆறு ஆண்டுகள்: 2016 ஜூலை 7 அதிகாலை. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில், காளைகளுக்கு முன்னால் மக்கள் ஓடும் புகழ்பெற்ற சான் ஃபெர்மின் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்டடத்தின் நுழைவாயிலுக்குள் 18 வயதுப் பெண்ணை ஐந்து ஆண்கள் சூழ்ந்துகொண்டு பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். அதைக் கைபேசியில் படமும் பிடித்தார்கள். 2018 ஏப்ரல் 26 அன்று நவாரா மாநில நீதிமன்றம் ஐவருக்கும் ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால், தீர்ப்பில் இருந்த சொல் ‘அபூசோ’.

அன்றைய ஸ்பானியத் தண்டனைச் சட்டம் பாலியல் குற்றங்களை இரண்டாகப் பிரித்திருந்தது. வன்முறையோ அச்சுறுத்தலோ இருந்தால் அது ‘அக்ரெசியோன்’, அதாவது தாக்குதல். வன்புணர்வு இந்தப் பிரிவில்தான் வரும். அவை இல்லாமல், சம்மதம் மட்டும் இல்லையென்றால், அல்லது மேலாதிக்கத்தைப் பயன்படுத்திச் சம்மதம் பெறப்பட்டிருந்தால் அது ‘அபூசோ’, அதாவது தவறான பயன்பாடு. அந்தப் பெண் எதிர்த்துப் போராடவில்லை. உறைந்துபோய்க் கண்களை மூடிக்கொண்டார். ஆகவே, மேலாதிக்கம் உண்டு, அச்சுறுத்தல் இல்லை என்று நீதிமன்றப் பெரும்பான்மை முடிவு செய்தது. அன்று மாலையே ஸ்பெயினின் நகரங்களில் மக்கள் திரண்டார்கள். “இது அபூசோ அல்ல, வன்புணர்வு” என்பது அவர்களது முழக்கம். இலட்சக்கணக்கானோரின் வாயில், சட்டப் பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாடே முழக்கமாக மாறியது அரிய காட்சி.

2019 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லை மாற்றியது. குறுகிய, வெளியேற வழியற்ற இடத்தில் உடல் வலிமை மிக்க ஐந்து பேர் சூழ்ந்து நிற்பதே அச்சுறுத்தல்தான். அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்றது. தண்டனை ஒன்பதிலிருந்து பதினைந்து ஆண்டுகளாக உயர்ந்தது. நிகழ்வு அதேதான், சான்றுகளும் அவையே. மாறியது, அந்தச் செயல் எந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்பதைப் பற்றிய புரிதல். அந்த மாற்றத்தின் எடை ஆறு ஆண்டுகள்.

பலரும் கவனிக்காத இன்னொரு விவரமும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கைபேசியை ஐவரில் ஒருவர் எடுத்துச் சென்றிருந்தார். முதல் நீதிமன்றம் அதை ‘உர்த்தோ’ எனக் கருதி அபராதத்தோடு விட்டது. உச்ச நீதிமன்றம் அதையே ‘ரோபோ’ என்று கூறி, கூடுதலாக இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. அச்சுறுத்தலோ பலப் பிரயோகமோ இன்றி எடுப்பது உர்த்தோ. அவற்றைக் கொண்டு பறிப்பது ரோபோ. நம் வழக்கில் திருட்டுக்கும் வழிப்பறிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இது நெருக்கமானது. நுழைவாயிலில் நடந்தது அச்சுறுத்தல் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, கைபேசியை எடுத்ததும் வெறும் திருட்டாக இருக்க முடியாது. ஒரு சொல்லைத் திருத்தினால், பக்கத்தில் உள்ள சொல்லும் திருந்தியாக வேண்டும்.

பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?: இந்தப் போராட்டத்தின் விளைவாக, ‘ஆம் என்றால் மட்டுமே ஆம்’ என்று மக்களால் அழைக்கப்பட்ட சட்டம் 2022 அக்டோபர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. ‘அபூசோ’ என்ற பிரிவு நீக்கப்பட்டது. சம்மதமற்ற பாலியல் செயல் அனைத்தும் ‘அக்ரெசியோன்’ என்றானது. சொல்லளவில் இது பெரும் வெற்றி. ஆனால், இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியபோது, தண்டனைகளின் எல்லைகளும் மாறின. சில குற்றங்களுக்கான குறைந்தபட்சத் தண்டனை முன்பைவிடக் குறைந்தது. குற்றவாளிக்குச் சாதகமான புதிய சட்டம் முன்தேதியிட்டும் பொருந்தும் என்பது சட்டத்தின் அடிப்படை நெறி. அதைக் காட்டித் தண்டனைக் கைதிகள் நீதிமன்றங்களை அணுகினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தண்டனைகள் குறைக்கப்பட்டன; நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். பாம்ப்லோனா வழக்கின் ஐவரில் ஒருவருக்கே 2023-இல் ஓராண்டு குறைந்தது. கொந்தளிப்புக்குப் பிறகு, 2023 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வன்முறையும் அச்சுறுத்தலும் உள்ள குற்றங்களுக்குத் தனியே கூடுதல் தண்டனையை மீண்டும் சேர்த்தது.

இதைக் காட்டி, சொல்லுக்கான போராட்டமே வீண் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பாலியல் குற்றங்களை ஸ்பெயினின் சட்டம் 1989 வரை ‘ஒழுக்கத்துக்கு எதிரான குற்றங்கள்’ என்ற தலைப்பில்தான் வைத்திருந்தது. பறிபோனது பெண்ணின் மானம், அதாவது குடும்பத்தின் சொத்து என்பது அதன் உட்பொருள். ‘பாலியல் சுதந்திரத்துக்கு எதிரான குற்றங்கள்’ என்று அந்தத் தலைப்பு மாறியபோதுதான், பாதிக்கப்பட்டவர் அந்தப் பெண் என்பதையே சட்டம் ஏற்றது. சொல் மாறாமல் அந்தப் பார்வை மாறியிருக்காது. 2022-இன் பாடம் வேறு: சொல்லை மாற்றுகிறவர்கள், அந்தச் சொல் எந்த எந்திரத்தின் பற்சக்கரத்தோடு பிணைந்திருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

விசாரணையைத் திருப்பிய சொல்: மெக்சிகோவின் அனுபவம் இதன் மறுபக்கம். எல்லை நகரமான சியூதாத் ஹுவாரெஸில் 1993 தொடங்கி நூற்றுக்கணக்கான பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஆலைத் தொழிலாளர்களும் மாணவிகளும் அவர்களில் இருந்தார்கள். மகளைக் காணவில்லை என்று புகார் அளிக்கச் சென்ற தாய்மாரிடம், காதலனோடு போயிருப்பாள் என்று காவலர்கள் சொல்லி அனுப்பினார்கள். கணவனோ காதலனோ கொன்றால் ‘உணர்ச்சி வேகக் குற்றம்’ என்று நாளேடுகள் எழுதின. அந்தச் சொல் கொலைக்குக் காதல் சாயம் பூசியது.

மானுடவியலாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த மார்செலா லகார்தே, ஆங்கிலப் பெண்ணியத்தில் புழங்கிய ஒரு சொல்லை ஸ்பானியத்தில் ‘ஃபெமினிசிதியோ’ என்று வடித்தார். நேராக ஒலிபெயர்த்தால் ‘ஃபெமிசிதியோ’ என்றே வந்திருக்கும்; அது பெண் ஒருவரின் கொலை என்ற அளவில் நின்றுவிடும் என்பதால், வேண்டுமென்றே ஓர் அசையைக் கூட்டினார். பெண் என்பதாலேயே நிகழும் கொலை, அதைத் தண்டிக்காமல் விடும் அரசின் அலட்சியம் இரண்டையும் அந்தச் சொல் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பது அவரது நோக்கம். 2001-இல் ஒரு பருத்தி வயலில் எட்டுப் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அது தொடர்பான வழக்கில், 2009 நவம்பரில் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசைப் பொறுப்பாக்கியது. 2012-இல் ‘ஃபெமினிசிதியோ’ மெக்சிகோவின் கூட்டாட்சித் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டது. 2014-இல் ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதியும் அந்தச் சொல்லை ஏற்றது. சட்டம் முன்னே நடக்க, அகராதி பின்னே வந்தது.

இந்தச் சொல்லின் பயன் தண்டனையில் மட்டும் இல்லை. 2010-இல் மெக்சிகோவில் ஓர் இளம்பெண் இறந்தார். அவர் தூக்கிட்டுக்கொண்டதாகச் சொன்னவர், காவல் துறையில் பணியாற்றிய அவரது கணவர். வழக்கு தற்கொலை என முடிக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் தாய் விடாமல் போராடி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2015 மார்ச்சில் அந்நீதிமன்றம், பெண்களின் வன்மரணம் ஒவ்வொன்றையும், முதற்பார்வைக்குத் தற்கொலையாகவோ விபத்தாகவோ தோன்றினாலும், ஃபெமினிசிதியோவாக இருக்கலாம் என்ற கோணத்தில் தொடக்கத்திலிருந்தே விசாரிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. முதல் நாள் அறிக்கையில் எழுதப்படும் சொல், எந்தத் தடயத்தைத் தேட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ‘தற்கொலை’ என்று எழுதிவிட்டால், யாரும் கணவனின் கைகளைப் பார்ப்பதில்லை.

கொன்றவரின் கணக்குப் புத்தகம்: மீண்டும் கொலம்பியா. அந்நாட்டு இராணுவத்தில், போரில் எதிரியைக் கொன்றால் அது ஒரு ‘பொசித்தீவோ’, அதாவது சாதகமான விளைவு. உடல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விடுமுறையும் பதக்கங்களும் கிடைத்தன. எண்ணிக்கையைக் கூட்ட, ஏழை இளைஞர்களை வேலை தருவதாக அழைத்துச் சென்று, சுட்டுக் கொன்று, கெரில்லா உடையணிவித்துக் கணக்கில் காட்டினார்கள். 2008-இல், தலைநகர் பொகோத்தாவின் புறநகரான சொவாச்சாவில் காணாமற்போன இளைஞர்களின் உடல்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒக்கான்யாவில் கிடைத்தபோது இந்தக் கொடுமை வெளிப்பட்டது. 2002 முதல் 2008 வரை குறைந்தது 6,402 பேர் இவ்வாறு கொல்லப்பட்டதாகச் சிறப்பு நீதிமன்றம் 2021-இல் அறிவித்தது.

உலகம் இதை அறிந்திருக்கும் பெயர் ‘ஃபால்சோஸ் பொசித்தீவோஸ்’ - பொய்யான சாதக விளைவுகள். மருத்துவப் பரிசோதனைச் சாலையில் நேரும் பிழைபோல ஒலிக்கும் இந்தச் சொல்லில் கொன்றவரும் இல்லை, கொல்லப்பட்டவரும் இல்லை. இராணுவத்தின் கணக்கில் ஒரு பிழையான பதிவு மட்டுமே இருக்கிறது. நீதிமன்றம் தன் வழக்குக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. ‘போரில் இறந்தவர்களாக அரசு முகவர்களால் காட்டப்பட்ட படுகொலைகளும் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலும்’ என்று நீளமாக எழுதியது. நீளம்தான், ஆனால் யார், என்ன செய்தார்கள், எப்படி மறைத்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

‘போனோர்’ அல்லர், ‘ஆக்கப்பட்டோர்’: மேலே உள்ள தலைப்பில் நான் எழுதிய ‘காணாமல் ஆக்கப்படுதல்’ என்ற தொடர் தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல. அதற்கு இணையான ஸ்பானியத் தொடருக்கு ஒரு வரலாறு உண்டு. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட இராணுவ ஆட்சி, பிடித்துச் சென்றவர்களைப் பற்றி எந்தத் தகவலும் தர மறுத்தது. 1979-இல் இராணுவ ஆட்சியாளர் விதேலா, காணாமற்போனவர் உயிரோடும் இல்லாத, இறந்தும் போகாத ஓர் அறியப்படாத புள்ளி என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். மக்களாட்சி திரும்பிய பிறகு அமைக்கப்பட்ட ஆணையம், 1984-இல் 8,960 பேரின் விவரங்களைப் பதிவு செய்தது; மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. ‘மறைந்துபோதல்’ என்ற தன்வினையை, ‘அவரை மறையச் செய்தார்கள்’ என்று பிறவினையாகப் புழங்கத் தொடங்கினார்கள் ஸ்பானிய மொழியினர். அந்த மொழியின் வழக்கமான இலக்கணம் அதற்கு இடம்தராது. ஆனால், வினைக்கு ஒரு கருத்தா தேவைப்பட்டது. ‘வலிந்து காணாமல் ஆக்குதல்’ பன்னாட்டுச் சட்டத்தில் தனிக் குற்றமாகி, 2006-இல் ஐ.நா. உடன்படிக்கையாக வடிவெடுத்ததில் இலத்தீன் அமெரிக்கத் தாய்மாரின் பங்கு பெரிது.

இலங்கை அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது 2016-இல். அதே ஆண்டு அங்கு நிறைவேறிய சட்டத்தின்படி அமைந்த அலுவலகத்தின் பெயரில் இருந்தது, ‘காணாமல்போன ஆட்கள்’ என்ற தொடர். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் ஏந்திய பதாகைகளில் இருந்தது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. ‘போ’ என்ற வினை இருக்கும் இடத்தில் ‘ஆக்கு’ வந்தது. இராணுவத்திடம் கையளித்த பிள்ளை தானாகத் தொலைந்துபோகவில்லை என்பதை, அந்தத் தாய்மார் ஒரு வினைச்சொல்லைக் கொண்டு சொன்னார்கள். புவனோஸ் ஐரிஸின் தாய்மாரும் கிளிநொச்சியின் தாய்மாரும் ஒருவரையொருவர் சந்திக்காமலேயே இலக்கணத்தில் ஒரே திருத்தத்தைச் செய்திருக்கிறார்கள்.

முந்திச் செல்லும் சொல்லும் பிழையே: இதுவரை சொன்னவை, குற்றத்தைக் குறைத்துக் காட்டும் சொற்கள். குற்றத்தைக் கூட்டிக் காட்டும் சொற்களும் உண்டு. நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே ஒருவரைக் குற்றவாளி ஆக்குபவை அவை. ஸ்பெயினில் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டவரை ‘இம்புத்தாதோ’, குற்றம் சாட்டப்பட்டவர், என்று சட்டம் அழைத்தது. விசாரணையின் தொடக்கக் கட்டத்தைக் குறிக்கும் இந்தச் சொல், மக்களின் காதில் ஏறக்குறைய ‘குற்றவாளி’ என்றே ஒலித்தது. 2015-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, ‘விசாரிக்கப்படுபவர்’ என்று பொருள்படும் ‘இன்வெஸ்திகாதோ’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஊழல் வழக்குகளில் அரசியல்வாதிகள் வரிசையாகச் சிக்கிய காலம் அது என்பதால், அவர்களுக்கு வசதியான இடக்கரடக்கல் இது என்ற விமர்சனமும் எழுந்தது. விமர்சனத்தில் நியாயம் இருந்தாலும், நெறி சரியானது. ஏழைத் தொழிலாளி ஒருவர் விசாரணைக்கு அழைக்கப்படும்போதும் அதே சொல்தான் அவரைக் காக்கிறது.

இங்கே ஒரு முரண் எழுவதாகத் தோன்றலாம். பாதிக்கப்பட்டவருக்காக அழுத்தமான சொல்லைக் கேட்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவருக்காக மென்மையான சொல்லைக் கேட்கிறோம். எது சரி? இரண்டும் சரி என்பதே என் கருத்து. ஏனெனில் அவை வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. ஒன்று செயலின் பெயர்; மற்றொன்று ஆளின் பெயர். செயலைப் பற்றித் தெளிவாகப் பேச வேண்டும். ஆளைப் பற்றிப் பொறுமையாகப் பேச வேண்டும். நடந்தது கடத்தல் என்று முதல் நாளே எழுதலாம். கடத்தியவர் இன்னார் என்று எழுத நீதிமன்றம் வரை காத்திருக்க வேண்டும். நம் காலத்தின் செய்திமொழி பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஆளைக் ‘கொடூரன்’ என்று கைதான அன்றே எழுதுகிறது. செயலை ஏதோ ‘அசம்பாவிதம்’ என்று மழுப்புகிறது.

தமிழ் இதழியல் இந்தப் பாதையில் ஓரளவு நடந்திருக்கிறது. ‘கற்பழிப்பு’ என்ற சொல் பெருமளவு வழக்கொழிந்து, ‘பாலியல் வன்கொடுமை’ வந்துவிட்டது. ஸ்பெயின் 1989-இல் சட்டத்தில் செய்ததைத் தமிழ் நாளேடுகள் தங்கள் பக்கங்களில் செய்தன. ஆனால், ‘பாலியல் தொல்லை’ என்ற சொல் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பேருந்தில் சீண்டுவதும், சிறுமியைச் சிதைப்பதும் சில வேளைகளில் இந்த ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றன. கொசுக்கடிக்கும் தொல்லை என்போம். கடன்காரருக்கும் தொல்லை என்போம். அந்தச் சொல்லை ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையின் மீது வைப்பது, நவாரா நீதிமன்றத்தின் ‘அபூசோ’வைவிட மென்மையானது.

ஒரு குற்றத்தைப் பற்றி எழுதுபவர், அவர் காவலரோ செய்தியாளரோ நீதிபதியோ, சொல்லைத் தாளில் இறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இந்தச் சொல்லை முதலில் சொன்னது யார் - செய்தவரா, பட்டவரா? இந்தச் சொல்லில் வினைக்குக் கருத்தா இருக்கிறதா? நீதிமன்றம் இன்னும் சொல்லாத எதையாவது இது ஆள் மீது ஏற்றுகிறதா? இவற்றுக்கு விடை தேட அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்த நேரத்தைச் செலவிடாதபோது என்ன ஆகிறது என்பதற்கு, தம்மைக் கட்டிவைத்தவர்களின் சொல்லையே நீதிமன்றக் கோப்பின் முகப்பில் வாசிக்க நேர்ந்த கொலம்பியர்கள் சாட்சி. அந்தச் சொல்லை மாற்றும்படி அவர்கள் கேட்டது சலுகை அல்ல. நீதியின் முதல் தவணை.